காளியம்மாள் வண்டிக்குப் பிரேக் பிடித்த கதை

சின்னங்குடி கடற்கரையில் விடிகாலைப் படகுகள் வந்து ஒதுங்கியதும் ஏலக்காரரின் முன்னால் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள் காளியம்மாள். வயது நாற்பத்தைந்துக்கு மேல். எவ்வளவு மேல் என்று யாராவது கேட்டால், "ஏன், எனக்கு அறுபதாங்கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா?" என்று திருப்பிக் கேட்பாள். புடவைக்கு மேலே புருஷன் ராசுவின் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, காலில் ரப்பர் செருப்பு. இந்தக் கோலத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, பின்னால் கட்டிய ஐஸ்பெட்டியோடு திருக்கடையூரைத் தாண்டி உள்ளே போகிற நெல்வயல் ஊர்களில் மீன் விற்றுவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள்.

வண்டி முதலில் ராசு வாங்கியது. நல்ல மீன்பாடு இருந்த ஒரு வருஷம் காரைக்காலில் யாரிடமோ பழையதாக வாங்கி வந்தான். அப்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. பெட்ரோல் டேங்கில் கம்பெனிப் பேர் எழுதியிருந்த இடம் துருவும் சிராய்ப்புமாக இருந்ததால், அது யார் செய்த வண்டி என்று கேட்பவர்களுக்கு ராசு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேர் சொல்லிக்கொண்டிருந்தான். கடலில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கரை சேர்ந்துவிடுகிற மனுஷன், ரோட்டில் எதிரே ஒரு மினிபஸ் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றுகொள்வான். கொஞ்ச நாளில் சாவியைச் சுவரில் மாட்டிவிட்டு, "நமக்குத் தண்ணிதான் சரி" என்று முடித்துவிட்டான்.

சாவி சுவரில் தொங்குவதைக் காளியம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மற்ற மீன்காரிகளோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தவள் அவள். ஆட்டோ நிற்கிற ஊரில்தான் விற்க முடியும். ஆட்டோ கிளம்பினால் பேரம் பாதியில் இருந்தாலும் ஏறியாக வேண்டும். ஒரு நாள் அலை வந்து நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலில் வண்டியை இறக்கி, தானே ஓட்டிப் பழகினாள். விழுந்தாலும் மணல்தான் என்ற தைரியம். விழவும் செய்தாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "டிக்கெட் வாங்கிட்டுப் பாருங்க" என்றாள்.

அந்த வண்டியின் பின்பிரேக்குக்கு ஒரு விசேஷம் உண்டு. மிதித்தால் கத்தும். முதலில் மெல்லிய சிணுங்கலாக ஆரம்பித்து, வண்டி நிற்கப்போகும் நேரத்தில் தகரத்தைச் சுவரில் தேய்த்தது போலத் தெருமுழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு முதலில் பூனைகள் வரும். அப்புறம் கையில் பாத்திரத்தோடு பெண்கள் வருவார்கள். வேப்பஞ்சேரியில் ஆசியா என்ற அம்மாள், பிரேக் சத்தம் கேட்டதும்தான் புளியை ஊறவைப்பாள். காளியம்மாள் ஒரு நாளும் "மீனு மீனு" என்று கூவியதில்லை. கூவுவதற்கு அவளுக்குக் கூச்சம். ஏலத்தில் சண்டை போடச் சொன்னால் போடுவாள். தெருவில் நின்று ராகம் போட மட்டும் குரல் வராது. வண்டியே கூவிவிடும்போது அவளுக்கு எதற்கு அந்தக் கவலை?

திருக்கடையூரில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் லியாகத் அலி மட்டும் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் காதைப் பொத்திக்கொள்வார். "அக்கா, அது கூப்புடல. அழுவுது. உள்ள லைனிங் தேஞ்சு இரும்பும் இரும்பும் ஒரசுது. என்னைக்காவது ஒரு நாள் பேசாம இருந்துடும், அன்னைக்குத்தான் ஆபத்து."

"அடுத்த அமாவாசைக்கு வர்றேன் பாய்" என்பாள் காளியம்மாள். அமாவாசையன்று பெரும்பாலான வீடுகளில் மீன் வாங்கமாட்டார்கள் என்பதால் அவளுக்கு அதுதான் விடுமுறை. அமாவாசைகள் வந்தன, போயின. முன்பிரேக்கின் கேபிள் பொங்கலோடு அறுந்துபோயிருந்தது. அந்தப் பிடி ஆடி ஆடிச் சத்தம் போடாமல் இருக்க நைலான் நூலால் அழகாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வலைக்காரன் பெண்டாட்டி என்பதற்கு அந்த முடிச்சு ஒன்றே சாட்சி.

ஆனி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். திருக்கடையூர் என்றால் அறுபதாங்கல்யாணம். அதிலும் முகூர்த்த நாளென்றால் ஊருக்குள் வேன்களும் மாலைகளுமாக இருக்கும். மெயின் ரோடு அடைத்துக்கொண்டு கிடந்ததால் காளியம்மாள் கோயில் பக்கத்துத் தெரு வழியாகக் குறுக்கே விட்டாள். வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் ஏறி இறக்கத்தில் இறங்கும்போது, எதிரே மேளதாளத்தோடு ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தாள்.

மிதி கீழே போனது. முழுசாகப் போனது. சேற்றில் காலை வைத்த மாதிரி, பிடிப்பு என்று எதுவும் இல்லாமல் அடிவரைக்கும் போய் நின்றது. சத்தமும் வரவில்லை. லியாகத் அலி சொன்ன அந்தப் பேசாத நாள் அன்றைக்குத்தான் வந்திருந்தது.

காளியம்மாள் கியரைக் குறைத்தாள். எஞ்சின் உறுமியது, வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் பின்னால் ஐஸும் மீனுமாக இருந்த பெட்டி அவளை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. செருப்புக் காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தாள். "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, பிரேக் இல்ல" என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருவில் குரல் கொடுத்தாள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரே தாவலில் வீட்டுப் படியேறினார். தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தாளத்தை முடித்துவைக்கிற ஒரு தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவரை யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், அப்போதும் அவர் கைகள் நிற்கவில்லை. கூட்டம் இரண்டாகப் பிளந்து, நடுவில் மாலையும் கழுத்துமாக நின்ற கிழமாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் மிச்சமானார்கள். காளியம்மாள் கைப்பிடியை ஓரமாக ஒடித்துத் திருப்பினாள். தெரு ஓரத்தில் பசுமாட்டுக்குக் கொடுப்பதற்காக அகத்திக்கீரைக் கட்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். வண்டி அந்தக் குவியலுக்குள் போய், மெத்தையில் படுத்தது போல நின்றது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியின் மூடிதான் திறந்துகொண்டது. இரண்டு சங்கரா மீன்கள் ஐஸ்கட்டிகளோடு வழுக்கிக்கொண்டு போய் மணப்பெண்ணின் பட்டுப்புடவை ஓரத்தில் நின்றன.

அந்தம்மாள் பெயர் கமலாம்பாள். வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த விவசாயக் குடும்பம். அவருடைய மாப்பிள்ளை, அதாவது அறுபது வயது நிறைந்த சிங்காரவேலு, மாலையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து மீனைப் பார்த்தார்.

"சங்கராவா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் காளியம்மாள், கீரைக்குள்ளிருந்து.

"கண்ணு பளிச்சுன்னு இருக்கு. காலையில வந்ததா?"

"இப்பத்தாங்க, ஏலத்துல எடுத்தேன்."

சிங்காரவேலு பெருமூச்சு விட்டார். "கல்யாணம்னு சொல்லி எத்தன நாளா பருப்பும் ரசமுமாவே போடுறாங்க."

"மாலைய மாட்டிக்கிட்டு என்ன பேச்சு இது?" என்று கமலாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காளியம்மாளிடம் திரும்பி, "ஒனக்கு ஒண்ணும் ஆவலையேம்மா? மொதல்ல பிரேக்கப் போடு. மீன அப்பறம் விக்கலாம்" என்றார். மேளக்காரர்கள் படியிறங்கி வந்தார்கள். தவில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கீரைக்காரி மட்டும், மீன்வாடை பட்ட கீரையை மாடு தின்னுமா என்ற சந்தேகத்தோடு ஒவ்வொரு கட்டாக முகர்ந்துகொண்டிருந்தாள்.

காளியம்மாள் வண்டியைக் கீரைக்குள்ளிருந்து இழுத்து நிமிர்த்தினாள். நிமிர்த்தியதும் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக லியாகத் அலி கடைக்குப் போனாள். மீன் பெட்டியை அந்த வழியாகப் போன ஷேர் ஆட்டோவில், தெரிந்த மீன்காரி ஒருத்தியிடம் ஏற்றிவிட்டாள்.

லியாகத் அலி கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. கழுத்திலிருந்து தூளி மாதிரித் தொங்கியது.

"என்ன பாய் இது?"

"ஆயில் சிந்திக் கெடந்துச்சு. வழுக்கிட்டேன்."

"யாரு சிந்துனது?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான்தான்" என்றார்.

ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவர். கட்டுப் பிரிக்கிறவரைக்கும் வேலை இல்லை. ஆனால் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கடையைத் திறந்துவைத்துப் போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு கடைக்குத்தான் போக வேண்டும், மினிவேனில் ஏற்றிவிடுகிறேன் என்றார்.

"கையிலதானே கட்டு? வாய் நல்லாத்தானே இருக்கு?" என்றாள் காளியம்மாள். "நீங்க சொல்லுங்க, நான் செய்யிறேன்."

"அக்கா, இது மீன் அரியிற வேலை இல்ல."

"மீன் அரியிறது மட்டும் லேசுன்னு யாரு சொன்னா? வஞ்சிரத்த ஒரே கனத்துல துண்டு போடுங்க பாப்போம். எந்த ஸ்பேனரு, அதச் சொல்லுங்க."

லியாகத் அலி யோசித்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். மீன்காரி வண்டிக்கு அது அவசியம்தான்.

"டபுள் ஸ்டாண்டு போடுங்க. கழட்டுறது ஒவ்வொண்ணையும் கழட்டுன வரிசையிலயே சாக்குல வைங்க. மாட்டும்போது கடைசியில இருந்து திரும்பி வரணும்."

இது காளியம்மாளுக்கு உடனே பிடிபட்டது. ஏலத்தில் மீனைப் பரப்புவது போலச் சாக்கில் நட்டு, வாஷர், ராடு, அச்சு என்று வரிசையாகப் பரப்பினாள். அச்சு நட்டு அசையவில்லை. உப்பு பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கி, காலால் ஓங்கி மிதித்தாள். நட்டு ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. சக்கரத்தை உருவி, பிரேக் டிரம்மின் மூடியைத் திறந்தாள்.

உள்ளே கருப்பாக ஒரு குழம்பு. அதில் அங்கங்கே வெள்ளிக்காசு போல மீன் செதில்கள் மின்னின.

லியாகத் அலி கைக்குட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "முப்பது வருஷமா டிரம்மு தொறக்குறேன். ஒரு நெத்திலி மட்டுந்தான் இதுல குறையுது."

சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூக்கள் இரண்டிலும் லைனிங் என்பதே இல்லை. வெறும் இரும்புதான் டிரம்மின் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு ஷூக்களையும் விரித்துத் தள்ளுகிற கேம், தேய்ந்த ஷூக்களைத் தாண்டிப் புரண்டு துருவோடு மாட்டிக்கிடந்தது. காளியம்மாள் வாயால் ஊதப் போனாள்.

"ஊதாதீங்க. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆவாது. ஈரத்துணியால தொடைங்க."

துடைத்தாள். துடைத்துக்கொண்டே சக்கரம் இருந்த இடத்தையும், அதற்கு மேலே பெட்டி கட்டுகிற கம்பிச்சட்டத்தையும் பார்த்தாள். ஐஸ் உருகுகிற தண்ணீர் வெளியே போவதற்காகப் பெட்டியில் அவளே ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தாள். அதன் மற்றொரு முனையைக் கம்பிச்சட்டத்தோடு கட்டியிருந்தாள். அந்த முனை, குறி வைத்தது போல, சரியாக டிரம்முக்கு மேலே தொங்கியது.

"பாய், போன வருஷம் நீங்க புது ஷூ போட்டப்பவும் இந்தக் குழா இங்கதானே இருந்துச்சு?"

"நீங்க பிரேக்க மிதிச்சுக்கிட்டே ஓட்டுறீங்கன்னு நான் நெனச்சேன்."

"நீங்க மட்டமான சாமான் போடுறீங்கன்னு நான் நெனச்சேன்."

குழாயிலிருந்து உப்பும் மீன்தண்ணீரும் சொட்டிச் சொட்டித்தான் ஷூ போயிருந்தது. ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே ஒரு வருஷம் மரியாதையாகப் பேசிவந்திருக்கிறார்கள். காளியம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும் வந்தது. சிரித்தால் கை வலித்தது.

உப்புத்தாளால் டிரம்மின் உட்புறத்தைத் தேய்க்கச் சொன்னார். கேமை எண்ணெயில் ஊறவைத்துத் தட்டிக் கழற்றி அதையும் தேய்க்கச் சொன்னார். உப்பு கெடுத்ததை உப்புத்தாள் கொண்டுதான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று காளியம்மாள் தனக்குள் நினைத்துக்கொண்டாள். கிரீஸ் டப்பாவைத் திறந்து உள்ளங்கை நிறைய அள்ளினாள்.

"அய்யய்யோ, வறுவலுக்கு மசாலா தடவுற மாதிரித் தடவாதீங்க அக்கா. கேமுக்கு மட்டும், விரல் நுனியில தொட்டு. லைனிங்குல ஒரு பொட்டு பட்டாலும் திரும்ப அகத்திக்கீரைதான்."

அந்தக் கதை அதற்குள் அவர் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது.

புது ஷூக்களை மாட்டுவதுதான் பெரிய பாடாக இருந்தது. இரண்டையும் பிடித்து வைக்கிற ஸ்பிரிங் ஒன்று, அவள் ஸ்குரூ டிரைவரால் நெம்பியபோது துள்ளிப் பறந்தது. கடை முழுக்கத் தேடினார்கள். லியாகத் அலி நாற்காலியில் இருந்தபடியே கண்ணால் தேடினார். கடைசியில் அது அவருடைய மாவுக்கட்டுத் தூளிக்குள் இருந்தது. இரண்டாம் தடவையும் பறந்தது. மூன்றாவது தடவை காளியம்மாள் ஸ்குரூ டிரைவரைத் தூரப் போட்டாள். இரண்டு ஷூக்களையும் ஸ்பிரிங்கோடு வெளியிலேயே கோத்து, நண்டு ஓட்டைப் பிளந்து விரிப்பது போலக் கூடாரமாக மடித்து, அதன் இடத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். டப்பென்று உட்கார்ந்தது.

"இதத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றார் லியாகத் அலி.

"எப்ப?"

"நீங்க மூணாவது தடவையும் விட்டதுக்கப்புறம்."

சக்கரத்தை மாட்டி, மிதியையும் பிரேக்கையும் இணைக்கிற ராடைப் பொருத்தி, மிதி ஒரு விரற்கடை இறங்கிய பிறகு பிடிக்கும்படி நட்டை முறுக்கினாள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் தடையில்லாமல் சுற்றியது. மிதித்தால் நின்றது. முன்பக்கத்துக்குப் புதுக் கேபிள்; அதற்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு மறுமுனையில் வழிகிறவரை காத்திருந்தாள். நைலான் முடிச்சை அறுக்கும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. வடிகுழாயை நீட்டி, சக்கரத்துக்கு அப்பால் பின்னால் சொட்டும்படி கட்டினாள். பிறகு செயின் தொங்குகிறதே என்று அதையும் இழுத்துக் கட்டினாள். அப்போது டீ வந்தது. லியாகத் அலி ஏதோ சொல்ல வாயெடுத்தவர் டீயைக் குடித்தார்.

சந்தோஷமாகக் கிளப்பிக்கொண்டு போனவள் அடுத்த திருப்பத்துக்குள் திரும்பி வந்தாள். வண்டி ஓடமாட்டேன் என்று முக்கியது. டிரம் தோசைக்கல்லாகக் கொதித்தது.

"செயின இழுத்துக் கட்டுனா சக்கரம் பின்னால போவும். சக்கரம் பின்னால போனா ராடு இழுபடும். ராடு இழுபட்டா பிரேக் தானா புடிச்சுக்கும். அதனால மொதல்ல செயின், அப்பறம் பிரேக்கு" என்றார் லியாகத் அலி.

"இத அப்பவே சொல்லக் கூடாதா?"

"டீ ஆறிடும்ல."

ராடு நட்டை மறுபடி தளர்த்திச் சரிசெய்தாள். இந்த முறை வண்டி தண்ணீரில் விட்ட படகு மாதிரிப் போனது. காலை லேசாக வைத்தால் போதும், வாலைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றது. எந்தச் சத்தமும் இல்லை.

தொல்லை அடுத்த நாள் ஆரம்பித்தது. வேப்பஞ்சேரி கீழத்தெருவில் வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். பூனை வரவில்லை. பெண்களும் வரவில்லை. தெரு அதுபாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தாள். பால்காரர் என்று நினைத்து ஒரு குழந்தை செம்போடு வந்து, ஏமாந்து திரும்பிப் போனது. அன்றைக்குப் பாதிப் பெட்டி மீன் வீட்டுக்குத் திரும்பிக் கருவாடாயிற்று.

"போயி அந்தப் பாய்கிட்ட பழைய சத்தத்தத் திருப்பி வைக்கச் சொல்லு" என்றான் ராசு. படகில் பிரேக் என்று ஒன்று கிடையாது என்பதால், அவனைப் பொறுத்தவரை பிரேக் என்பது ஆட்களைக் கூப்பிடுகிற ஒரு மணி மாதிரிதான்.

"சத்தம் வேணும்னா பிரேக் போவணும். எனக்கு வண்டி நிக்கணும்யா" என்றாள்.

பெண்டாட்டி முகம் வாடியிருப்பதைப் பார்த்து ராசுவே ஒரு வழி செய்தான். காரைக்காலுக்குப் போய், பேச்சைப் பதிவுசெய்து திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கிவந்தான். பதிவும் அவனே செய்தான். நடுக்கடலில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "வந்தாச்சு, வந்தாச்சு, புதுசா வந்தாச்சு, எல்லாரும் வாங்க" என்று அடிவயிற்றிலிருந்து முழங்கினான். "மீனு" என்ற வார்த்தையை மட்டும் மறந்துவிட்டான். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் மீனைத் தவிர வேறென்ன வரும் என்பது அவன் எண்ணம்.

ஆனி மாதம் கடைமடை ஊர்க்காரர்களுக்கு எது வரும் என்பது அவனுக்குத் தெரியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று வேப்பஞ்சேரியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஊர் எல்லையிலிருந்து ஒரு கம்பீரமான ஆண்குரல், "வந்தாச்சு, வந்தாச்சு, புதுசா வந்தாச்சு" என்று கேட்டால் என்ன ஆகும்? காளியம்மாள் கீழத்தெருவுக்குள் நுழைவதற்குள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு மதகைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் வைத்தியலிங்கம். தன் வயலுக்கு முதல் தண்ணீர் பாய்ந்துவிட வேண்டும் என்பதில் ஒவ்வொரு வருஷமும் குறியாக இருக்கிறவர். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை.

வாய்க்காலில் ஒரு நாய் படுத்திருந்தது.

திரும்பி வந்தபோது வைத்தியலிங்கத்தின் முகத்தில் நல்ல கடுகடுப்பு. "யாரு வந்தாச்சுன்னு சொன்னது?"

காளியம்மாள் பெட்டி மூடியைத் திறந்து காட்டினாள். "மத்தி வந்திருக்குங்க. காரப்பொடி மீனும் இருக்கு."

அவர் மீனைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார். அது அவர் முகத்துக்கு நேராக, "எல்லாரும் வாங்க" என்றது. பின்னால் ஓடிவந்தவர்களில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். தெரு முழுக்கச் சிரித்தது. வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை, ஆனால் மத்தி வாங்கினார். கோபத்தை எதிலாவது காட்ட வேண்டும் என்று பேரத்தில் காட்டினார். காளியம்மாள் விட்டுக்கொடுத்தாள். மற்ற ஊர்களுக்கும் சேதி பரவுவதற்குள் ஒலிபெருக்கியைக் கழற்றிச் சட்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வேறு வழி இல்லை. மறுநாள் வேப்பஞ்சேரியில் வண்டியை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மீனு" என்று சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை முயன்றாள். முகம் சூடானது. அப்போது ஆசியாவின் வீட்டுக் கதவு பாதி திறந்திருப்பது கண்ணில் பட்டது. பொதுவாகக் கூவுவதுதானே கூச்சம், தெரிந்த ஆளைக் கூப்பிடுவதில் என்ன கூச்சம் என்று தோன்றியது.

"ஆசியாக்கா, ஒங்களுக்குப் பிடிச்ச கெழங்கா மீனு வந்திருக்கு" என்றாள். குரல் தானாக வந்தது.

உள்ளேயிருந்து, "எங்கடி போன இத்தன நாளா? சத்தமே காணும்" என்று பதில் வந்தது. அடுத்த வீட்டுக்கு அடுத்த பெயர். எந்த வீட்டில் எந்த மீன் என்பது அவளுக்கு மனப்பாடம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு வராமல் இருப்பது மரியாதை இல்லை என்று, முன்பு வராதவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பூனைகளுக்கு மட்டும் பெயர் இல்லாததால் பழக்கமாவதற்குக் கொஞ்சம் நாளாயிற்று.

பெண்கள் மீன் பொறுக்குகிற நேரத்தில் காளியம்மாளின் கை சும்மா இருக்காது. எதிரே நிற்கிற வண்டியின் பிரேக் மிதியைக் காலால் அமுக்கிப் பார்ப்பாள். அதிகம் இறங்கினால், பெட்டிக்கு அடியில் சொருகியிருக்கும் ஸ்பேனரை எடுத்து ராடு நட்டை ஒரு திருகு திருகிவிடுவாள். லைனிங் தேய்ந்திருந்தால், "இது என் வேலையில்ல, லியாகத் பாய்கிட்ட போங்க" என்று அனுப்புவாள். கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய லியாகத் அலி, வருகிற வண்டிகளின் ராடு நட்டில் செதில் ஒட்டியிருந்தால் அது யார் கைபட்டது என்று தெரிந்துகொள்வார். தன் வண்டிக்கும் கேட்கிறவர்கள் வண்டிக்கும் மற்ற வேலைகள் செய்ய அமாவாசை. அன்றைக்கு அவர் கடைவாசலில் சாக்கை விரித்து, டிரம்மைத் திறந்து துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கேபிளைப் பார்த்து, மறக்காமல் செயினை முதலிலும் பிரேக்கைக் கடைசியிலும் சரிசெய்வாள். நடுநடுவே இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

வைத்தியலிங்கம் மட்டும் தன் வண்டியைத் தொட விடவில்லை. "என் வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீ மீன மட்டும் பாரு" என்பார். தண்ணீர் விஷயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

குறுவை அறுப்பு முடிந்த ஐப்பசியில் ஒரு நாள், தூறல் விழுந்து ரோடு வழுக்கலாக இருந்தது. காளியம்மாள் பெட்டி காலியாகித் திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் கொஞ்ச தூரத்தில் வைத்தியலிங்கம் உர மூட்டையோடு தன் வண்டியில் வந்துகொண்டிருந்தார். அறுத்த வயலில் மேய விட்டிருந்த வாத்துகள் ஒரு திருப்பத்தில் கூட்டமாக ரோட்டில் ஏறின. எத்தனை என்று எண்ண முடியாத வாத்துகள். ரோடே வெள்ளையும் பழுப்புமாக நகர்ந்தது. காளியம்மாள் கையையும் காலையும் ஒன்றாக, பதறாமல் அமுக்கினாள். வண்டி ஒரு சிறு சறுக்கலும் இல்லாமல் நின்றது. முன்சக்கரத்துக்குச் சாண் தூரத்தில் ஒரு வாத்து நின்று அவளை நிதானமாகப் பார்த்துவிட்டு நடந்தது.

அவள் சிரித்துக்கொண்டே, வாத்து மேய்க்கிறவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்போது பின்னாலிருந்து, "ஏய், நவுரு, நவுரு" என்று குரல் கேட்டது. திரும்புவதற்குள் வைத்தியலிங்கத்தின் முன்சக்கரம் அவளுடைய ஐஸ்பெட்டியில் டங்கென்று முட்டி நின்றது. பெரிய வேகம் இல்லை. கால் தேய்த்துத் தேய்த்துத்தான் வந்திருந்தார். உர மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவருக்கு அடி இல்லை.

காளியம்மாள் இறங்கி மூட்டையை நிமிர்த்திக் கட்டிக் கொடுத்தாள். அவருடைய பிரேக் மிதியைக் காலால் தொட்டுப் பார்த்தாள். அது அடிவரைக்கும் போனது.

வைத்தியலிங்கம் வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை முடிவதாக இல்லை.

"அமாவாசை என்னைக்கு வருது?" என்று கேட்டார்.

"செவ்வாக்கெழமைங்க" என்றாள் காளியம்மாள். "அதுவரைக்கும் பஸ்ல போங்க."